ஆளில்லாத வீட்டில் அரசமரம்: ரங்கூன் படங்களைப் பார்ப்பதும் எடுப்பதும்



பர்மாவிலிருந்து வந்த நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி நடக்கிற ஒரு காட்சியோடு இம்மாத உரையைத் தொடங்குகிறேன். பேரப்பிள்ளை செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். பாசி படர்ந்த செங்கல் சுவர். கதவில்லாத ஜன்னல். அதன் வழியே வெளியே தலை நீட்டும் அரசங்கன்று. படத்துக்குக் கீழே ‘யாங்கூன்’ என்று ஒரே ஒரு சொல். அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். “இது எந்தத் தெருப்பா?” என்று கேட்கிறார். பையனுக்குத் தெரியாது. அவனுக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. படம் அழகாக இருக்கிறது. ஆனால் அப்பத்தாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பாழடைந்த கட்டடங்களையும் அவற்றின் மேல் வளரும் மரஞ்செடிகளையும் படம் எடுப்பது இன்று உலகெங்கும் பரவியிருக்கிற ஒரு பழக்கம். ரங்கூன், அதாவது 1989-ஆம் ஆண்டு முதல் யாங்கூன் என்று அழைக்கப்படும் நகரம், அப்படிப் படம் எடுப்பவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. நமக்கோ அது நாம் விட்டுவிட்டு வந்த ஊர். ஆகவே அந்தப் படங்களை எப்படிப் பார்க்க வேண்டும், எடுக்க நேர்ந்தால் எப்படி எடுக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கட்டடங்கள் ஏன் காலியாயின?

இன்றைய யாங்கூனின் நடுப்பகுதி, 1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் சதுரங்கக் கட்டம் போல வகுத்த நகரம். அந்த நகரத்தை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் கடல் தாண்டி வந்தவர்கள். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்களாக இருந்தார்கள். துறைமுகக் கூலி, அரிசி ஆலைத் தொழிலாளி, குமாஸ்தா, வட்டிக்கடை ஆச்சி வீட்டார், மளிகைக் கடைக்காரர் என்று நம்மவர்கள் எல்லாப் படிகளிலும் இருந்தார்கள். 1871-ஆம் ஆண்டில் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் இன்றும் அந்த நகரின் நடுவில் நிற்கிறது.

அந்த நகரம் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை காலியானது.

முதல் தடவை, 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது. அடுத்து வந்த மாதங்களில் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். மொத்தம் நான்கு, ஐந்து இலட்சம் பேர் வெளியேறியதாக வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் மாண்டவர்கள் பல ஆயிரம். போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது தடவை, 1962-ஆம் ஆண்டு நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு. 1964 மார்ச் மாதம் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. ஒரே நாளில் கடையும் இல்லை, பெட்டியிலிருந்த பணமும் இல்லை என்ற நிலை. அந்த ஆண்டுகளில் சுமார் மூன்று இலட்சம் இந்தியர்கள் வெளியேறியதாகச் சொல்லப்படுகிறது. சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும், மணிப்பூர் எல்லையில் மோரே ஊரின் தமிழ்க் குடும்பங்களும் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

மூன்றாவது தடவை காலியானவை அரசு அலுவலகங்கள். 2005 நவம்பரில் தலைநகரம் நேபிடோவுக்கு மாற்றப்பட்டது. அமைச்சகங்கள் கோப்புகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள் பூட்டப்பட்டன. இணையத்தில் நாம் பார்க்கும் ‘பாழடைந்த யாங்கூன்’ படங்களில் பல, இந்த மூன்றாவது தடவையில் காலியான கட்டடங்களின் படங்களே.

மரம் சுவரில் எப்படி ஏறுகிறது?

அரசு, ஆல், இச்சி ஆகிய எல்லாமே அத்தி இனத்தைச் சேர்ந்த மரங்கள். இவற்றின் பழத்தைக் காகமும் மைனாவும் வௌவாலும் தின்கின்றன. எச்சத்தோடு விதை சுவர் விளிம்பில் விழுகிறது. சாதாரண மரத்தின் விதைக்கு மண் வேண்டும். இந்த இனத்துக்கு ஈரமான ஒரு விரிசல் போதும்.

பழைய ரங்கூன் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்புக் காரை மென்மையானது. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடக்கூடியது. அதில் மெல்லிய வேர் எளிதில் நுழையும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. யாங்கூனில் அதைப் போல இரண்டு மடங்கு, சுமார் 2,700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரையிலான ஆறு மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

வீட்டில் ஆள் இருந்தால் என்ன செய்வார்கள்? மழைக்கு முன்னால் கூரை ஓட்டைச் சரிபார்ப்பார்கள். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுப்பார்கள். சுவரில் முளைத்த கன்றை விரல் நீளத்திலேயே பிடுங்கி எறிவார்கள். அந்தச் சிறிய வேலை நான்கைந்து மழைக்காலம் நடக்காமல் போனால், விரலால் பிடுங்கியிருக்க வேண்டியதை வெட்டரிவாளாலும் எடுக்க முடியாது. எனவே இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது மரம் எந்த இடத்தில் முளைத்திருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் உடைந்த மழைநீர்க் குழாயை ஒட்டியோ, கூரை விளிம்பு பிளந்த இடத்திலோதான் இருக்கும். பராமரிப்பு எங்கே முதலில் நின்றது என்பதை மரமே காட்டிக் கொடுத்துவிடும்.

வெட்டிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். மேலே வெட்டினால் சுவருக்குள் உள்ள வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரைக் கொன்றுவிட்டால் அது மக்கி, சுவருக்குள் வெற்றிடம் உண்டாகும். அதுவரை வேர் பிடித்திருந்த செங்கல் சரியும். இழுத்துப் பிடுங்கினால் சுவரே கூட வரும். செங்கல்லை அடுக்கடுக்காகப் பிரித்து, வேரை எடுத்து, மறுபடி சுண்ணாம்புக் காரையால் கட்டுவதுதான் முறையான வழி. சிமெண்டைப் பூசி அடைப்பதும் தவறு. சிமெண்டு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துச் செங்கல்லை அரிக்கும். கம்போடியாவில் தா புரோம் கோயிலில் மரங்களை அப்படியே விட்டுவைத்து, கட்டுமானத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை இந்தியத் தொல்லியல் துறையினர் செய்திருக்கிறார்கள். அங்கே மரமும் கோயிலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன.

பர்மியரும் நம்மைப் போலவே அரசமரத்தைப் புனிதமாகக் கருதுபவர்கள். புத்தர் ஞானம் பெற்ற மரம் என்பதோடு, மரத்தில் ‘நாட்’ என்னும் தெய்வங்கள் உறைவதாகவும் நம்புகிறார்கள். மரம் பெரிதாகிவிட்டால் வெட்டக் கை வராது. இதுவும் ஒரு காரணம்.

மூன்று இடங்கள், மூன்று பாடங்கள்

முதலாவது, பழைய செக்ரடேரியட். சிவப்புச் செங்கல் கட்டடம். 1947 ஜூலை 19-ஆம் தேதி ஜெனரல் ஆங் சானும் அவருடைய அமைச்சரவைச் சகாக்களும் இங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2005-க்குப் பிறகு இது வெறிச்சோடி, சுற்றிலும் புதர் மண்டிக் கிடந்தது. பிறகு புதுப்பிக்கும் வேலை நடந்து, பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் பாழடைந்த காலத்துப் படங்கள் இன்றும் தேதியில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் இப்போதும் அப்படியே கிடக்கிறது என்று நினைத்துவிடுவார். தேதியில்லாத படம் பொய் சொல்லாது. ஆனால் பார்ப்பவரைத் தவறாக நினைக்க வைத்துவிடும்.

இரண்டாவது, பெகு கிளப். 1882-ஆம் ஆண்டு முதல் பிரோம் ரோட்டில் நிற்கும் கட்டடம். தேக்கு மரம் தாராளமாகப் புழங்கிய கட்டடம். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக முடியும். 1889-இல் எழுத்தாளர் கிப்ளிங் இங்கே வந்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் இராணுவத்தின் கைக்குப் போய், கடைசியில் கைவிடப்பட்டது. தரைப்பலகை உளுத்து, கொடி படர்ந்து கிடந்த இதன் கூடங்களையும் மாடிப்படியையும் படம் எடுக்காத வெளிநாட்டுக்காரர் குறைவு. 2010-களின் பிற்பகுதியில் இதன் ஒரு பகுதி பழுதுபார்க்கப்பட்டது. அந்தப் படங்களில் மாடிப்படி தெரிகிறது. அதில் தட்டேந்தி ஏறியிறங்கிய வேலையாட்களைப் பற்றிக் குறிப்பு எழுதியவர்கள் அரிது. அன்றைய ரங்கூனில் வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள் என்பது நமக்குத் தெரியும். குறிப்பு எழுதாவிட்டால் படத்திலிருந்து முதலில் மறைகிறவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா சபரின் சமாதி. நாடு கடத்தப்பட்டு ரங்கூனில் இருந்த அவர் 1862 நவம்பர் 7-ஆம் தேதி இறந்தார். ஆங்கிலேயர் அன்றே அவசரமாக அடக்கம் செய்தார்கள். மேலே புல்லைப் பதித்து, சுற்றி ஒரு மூங்கில் வேலி மட்டும் போட்டார்கள். வேலி மக்கிவிடும், புல் மூடிவிடும், இடம் எது என்றே யாருக்கும் தெரியாமல் போகும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கு பலித்தது. 1991-ஆம் ஆண்டு வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள்தான் செங்கல்லால் கட்டிய அந்தச் சமாதியைக் கண்டுபிடித்தார்கள். புல்லும் மரமும் தாமாக வளர்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வளரட்டும் என்று விடுவது சில சமயம் மனிதர் எடுக்கும் முடிவு. ‘இயற்கை எடுத்துக்கொண்டது’ என்று எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பழைய படக்காரர்

இந்த நிலப்பகுதியை முதன்முதலாக முறையாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். 1855-ஆம் ஆண்டு பர்மிய அரசவைக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு சென்று, அமரபுராவிலும் வழியிலுள்ள ஊர்களிலும் ரங்கூனிலும் படங்கள் எடுத்தார். புல் முளைத்த பகோடாக்களும் சிதைந்த மண்டபங்களும் அவற்றில் உண்டு. அதன்பின் அவர் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படம் எடுத்தார். இவருடைய படங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் பயன்படக் காரணம் அழகு மட்டும் இல்லை. இன்ன ஊர், இன்ன கட்டடம், இன்ன விவரம் என்று படத்தோடு குறிப்பும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் 170 ஆண்டு கழித்தும் அதே இடத்தில் நின்று, எது போயிற்று, எது நிற்கிறது என்று ஒப்பிட முடிகிறது.

எப்படி எடுப்பது?

உங்கள் குடும்பத்தினர் யாராவது யாங்கூன் போனாலோ, அங்கேயே உறவினர் இருந்தாலோ, ஒரு கட்டடத்துக்கு நான்கு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம், தெருமுனை. தெருப் பெயர்ப் பலகையோ, கோயிலோ, மசூதியோ, இடம்பெயராத ஏதாவது ஓர் அடையாளம் அதில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் பல ஆண்டுகள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பியவர்களில், வீடு இருந்த இடத்தைக் கிணற்றையும் கோயிலையும் வைத்தே அடையாளம் கண்டவர்கள் உண்டு.

இரண்டாவது படம், எதிர்ப்புறத்திலிருந்து கட்டடம் முழுவதும். உச்சியில் உள்ள முகப்பை விட்டுவிடாதீர்கள். ரங்கூன் கட்டடங்கள் பலவற்றில் கட்டிய ஆண்டும் சிலவற்றில் உரிமையாளர் பெயரும் அங்கே சுதையில் பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது படம், வேர் சுவருக்குள் நுழையும் இடம். பக்கத்தில் ஒரு குடையையோ ஆளையோ நிற்க வையுங்கள். அளவு தெரியும்.

நான்காவது படம், நுணுக்கம். கதவுத் தாழ், ஜன்னல் கம்பி, தரை ஓடு, எழுத்து எதுவானாலும்.

மேகமூட்டமான நேரம் நல்லது. உச்சி வெயிலில் செங்கல் வெளுத்து, இலையின் நிழல் கறுத்துவிடும். கோடையில் அரசமரம் இலை உதிர்க்கும் நாட்களில் வேர் போன வழி தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் பச்சை எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு காலத்திலும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் நல்ல பதிவு கிடைக்கும். மரத்தின் பருமனைப் பார்த்து வயதைக் கணக்கிடாதீர்கள். பலமுறை வெட்டி மறுபடி துளிர்த்ததாக இருக்கலாம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் யாங்கூனில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.

எடுத்த அன்றே எழுதிவைக்க வேண்டியவை: தேதி, இன்றைய தெருப் பெயர், பழைய தெருப் பெயர், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது. நம் பெரியவர்கள் சொல்லும் டல்ஹௌசி தெரு இன்று மகா பந்துலா சாலை. பிரேசர் தெரு இன்று அனோரத்தா சாலை. மொகல் தெரு ஷ்வே பொந்தா தெரு ஆகிவிட்டது. பிரோம் ரோடு, பியே சாலை. இரண்டு பெயரும் இருந்தால்தான் பாட்டியும் பேரனும் ஒரே இடத்தைப் பற்றிப் பேச முடியும்.

செய்யக்கூடாதவை

ஆளில்லாத வீடு என்பதால் உரிமையாளர் இல்லாத வீடு என்று பொருளில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. உளுத்த பலகைத் தளம் ஓர் ஆளைத் தாங்காது, பாம்பும் இருக்கும். ஒரு தாழ்ப்பாளைக்கூட நினைவுப் பொருள் என்று எடுத்து வராதீர்கள்.

நம் வீடு என்று நினைத்துத் தேடிப் போனால், பெரும்பாலும் அது பாழாகக் கிடக்காது. மேலே அரசங்கன்று முளைத்திருக்கும். கீழே வேறொரு குடும்பம் துணி உலர்த்திக்கொண்டிருக்கும். அவர்களும் அங்கே இரண்டு, மூன்று தலைமுறையாக இருப்பவர்களாக இருக்கலாம். வணங்கி, எங்கள் தாத்தா இங்கே இருந்தார் என்று சொல்லுங்கள். உரிமை கேட்டு வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் படம் வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அங்கே நிலைமை வேறு. படைவீரர், சோதனைச் சாவடி, காவல் நிலையம், அரசு அலுவலகம் எதுவும் படத்தில் வரக்கூடாது. அங்கே உள்ள உறவினரிடம் “ஒரு படம் எடுத்து அனுப்பு” என்று இங்கிருந்து வற்புறுத்த வேண்டாம். நமக்கு ஆசை, அவர்களுக்கு ஆபத்து. முகமும் வீட்டு எண்ணும் தெரியும் படங்களைப் பொதுவில் பரப்பவும் வேண்டாம்.

இங்கிருந்தே செய்யக்கூடியது

யாங்கூன் போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பர்மா பணத்தில் எழும்பி, பர்மாத் தேக்குத் தூண் நிறுத்திய செட்டிநாட்டு வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் சுவரிலும் அரசு முளைக்கிறது. அந்த நகரம் காலியானதன் மறுமுனை நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. மேலே சொன்ன நான்கு படங்களை அங்கேயும் எடுக்கலாம்.

வீட்டுப் பெட்டியில் பழைய படங்கள், அஹூஜா நிறுவனத்தாரின் வண்ண அஞ்சலட்டைகள், கப்பல் சீட்டு, கடை ரசீது ஏதாவது இருந்தால் எடுங்கள். பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தத் தெரு, எத்தனாவது மாடி, எதிரே என்ன கடை என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும். செல்போனில் உள்ள படமானால் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள்.

சுவரில் முளைத்த கன்றை விரல் நீளத்தில் பிடுங்காவிட்டால் பிறகு முடியாது என்று பார்த்தோம். நினைவும் அப்படித்தான். 1964-இல் பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலேறியவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. “இது எந்தத் தெருப்பா?” என்று இன்று அப்பத்தா கேட்கிறார். அதே கேள்வியை நாம் அவரிடம் கேட்டால் பதில் சொல்ல அவரால் முடியும். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.